அண்ணன் கேட்ட சவுண்டு கார்டு

மழை விட்ட ஒரு பிற்பகல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு ஒன்றை நாங்கள் இரண்டு பேர் பிடித்திருந்தோம். ஜன்னலோரம் என் அண்ணன் முருகேசன். அவன் மடியில் பழைய போர்வையில் சுற்றிய மானிட்டர். நடுவில் மூன்றாவது ஆளாகக் கம்ப்யூட்டர் கேபினெட். ஓரத்தில் பாதி சீட்டிலும் பாதி அந்தரத்திலுமாக நான். என் காலுக்கிடையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கீபோர்டு, ஸ்பீக்கர், ஒரு கட்டு ஒயர். அண்ணனுடைய ஊன்றுகோல் மேலே, சாமான் வைக்கிற கம்பியில்.

கண்டக்டர் வந்து கேபினெட்டை ஒரு தட்டு தட்டினார்.

"ஏனுங்க, இது என்ன, டேப் ரெக்கார்டருங்களா?"

"கம்ப்யூட்டருங்க."

"எதுவா இருந்தாலும் தூக்கிக் கீழ வெய்யிங்க. ஆளுங்க நிக்கறாங்க பாருங்க."

"கீழ வெச்சா இருபது வளைவுல ஆடி ஒடஞ்சு போயிருமுங்க. அதுக்கும் ஒரு டிக்கெட்டு போட்டுருங்க" என்றான் அண்ணன். அப்போதுதான் கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அட, லாரி முருகேசண்ணனுங்களா!" என்றவர் நிமிர்ந்து ஊன்றுகோலையும் பார்த்துவிட்டார். டிக்கெட் போடாமல் நகரப் பார்த்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "டிக்கெட்டு போட்டுட்டுப் போங்க" என்று அதட்டி வாங்கி, அதை மடித்து மானிட்டரின் போர்வைக்குள் செருகினான்.

பஸ் ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை. அவனுடைய ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில், ஈரம் படாமல் ஒரு பொருள் இருந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே வந்தான். ஐந்தாவது வளைவு தாண்டியதும் பனி சூழ்ந்துகொண்டது. மேலேயிருந்து ஹாரன் கேட்கும். டிரைவர் பதில் ஹாரன் அடிப்பார். "ஏழாவதுல ஒரு வேன்" என்பான் அண்ணன் மெதுவாக. "எட்டுல ஆருமில்லை." பதினாலாவது வளைவில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மானிட்டரை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் குனிந்து பைக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

## பனியில் பேசுகிற பாஷை

எஸ்டேட் ஆபீஸ் டைப்ரைட்டரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எப்போதம்மா வந்தது?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடியவில்லை. அந்த ஸ்வெட்டருக்குள் இருந்தது ஒரு சவுண்டு கார்டு. அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

(அண்ணனை 'அவன்' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்கிறவர்கள் மன்னிக்கவும். நாலு வயதுதான் மூத்தவன். நேரிலும் அப்படித்தான்.)

முருகேசன் பதினெட்டு வயதிலேயே லாரியில் கிளீனராகச் சேர்ந்து, சீக்கிரமே டிரைவராகிவிட்டான். இறங்கும்போது காப்பி மூட்டை, ஏறும்போது அரிசி, சிமெண்ட், எது கிடைத்தாலும். அந்த ரோட்டைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் ஒதுங்கி நிற்கவேண்டும். பாரம் ஏற்றி இழுத்துக்கொண்டு வருகிறவன் வளைவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. பனி நாட்களில் இறங்குகிறவன் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பான். ஏறுகிறவன் பதில் ஹாரன் அடிப்பான். பதில் கேட்டால் மேலே இருப்பவன் நின்றுவிடுவான். எழுதி வைத்த சட்டத்தைவிட எங்கள் டிரைவர்கள் இதைத்தான் மதித்தார்கள்.

அப்படி ஒரு பனி நாளில், யாரோ கட்டிக்கொண்டிருந்த பங்களாவுக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு அண்ணன் ஏறினான். பதினாலாவது வளைவில் மேலேயிருந்து ஒரு ஜீப் நேரே வந்தது. இவன் லாரியை மலைப்பக்கம் ஒடித்தான். ஜீப்பில் இருந்த ஆறு பேருக்கும் சிராய்ப்புகூட இல்லை. லாரியின் முன்பக்கம் பாறையில் நசுங்கி, அண்ணனுடைய வலது கால் அதற்குள் மாட்டிக்கொண்டது. கால் பிழைத்தது. முட்டி மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

"மூணு தடவை ஹாரன் அடிச்சேனுங்க, லாரிக்காரரு பதிலே குடுக்கலீங்க" என்று ஜீப்பை ஓட்டியவன் சத்தியம் செய்தான். "அவன் அடிக்கவே இல்லை" என்றான் அண்ணன். ஜீப்பில் இருந்த ஆறு பேரும் ஜீப்காரன் பக்கம். அண்ணன் பக்கம் அவனுடைய காது மட்டும்தான்.

## நான் சொன்ன ஒரு வாக்கியம்

லாரி முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "இத்தனை வருசம் இஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்தா காது மந்தமாவறது சகஜந்தானுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு அவரோடு நிற்கவில்லை. ஒண்டிக்கடையில் டீ குடிக்கிற அத்தனை டிரைவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. முருகேசனுக்குக் காது போச்சாம். பாவம், ஹாரன் கேக்கலையாம்.

முட்டி போனதற்கு அண்ணன் அழவில்லை. இதற்கு அழுதான்.

நான் என்ன செய்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். அம்மா ராகிக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் ரொம்ப அக்கறையாக, "சேலம் போறப்ப அப்படியே காது டாக்டர்கிட்டயும் ஒரு வாட்டி காட்டிப் பாக்கலாமாண்ணா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் திட்டவில்லை. "நீயுமா கண்ணு" என்றான். அதற்குப் பிறகு விபத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே கம்பளிக்குள் படுத்திருப்போம். எழுந்திருக்கும் முன்பே அண்ணன் சொல்வான்: "மொத பஸ்ஸு வருது. இன்னைக்கு ஸ்பேர் வண்டியை உட்டுருக்கான்." எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. குளிரில் ஓடிப்போய் மேட்டில் நின்று பார்ப்பேன். கொஞ்சம் கழித்துத்தான் பஸ் வரும். வழக்கமான பஸ்ஸாக இருக்காது. ஒருநாள்கூட அவன் சொன்னது தப்பானதில்லை. அவனைப் பொய்யனாக்கவேண்டும் என்பதற்காகவே எத்தனை நாள் ஓடியிருக்கிறேன்!

இதெல்லாம் தெரிந்த நான்தான் காது டாக்டரைப் பற்றிப் பேசினேன்.

## கால் வேண்டாத வண்டி

அப்போது எஸ்டேட் ஆபீஸில் எனக்கு வேலை. கணக்கு எழுதுகிற ரைட்டருக்குக் கீழே உட்கார்ந்து கடிதம் அடிப்பது. ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து, அதைத் தொட எல்லோரும் பயந்ததால் நான் கற்றுக்கொண்டேன். பிரிண்டர் ரிப்பன் வாங்க மாதம் ஒருமுறை 'கீழே' போவேன். எங்களுக்குக் கீழே என்றால் சேலம்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் தனபால் என்பவர் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பார், பழுது பார்ப்பார், நடுவில் பேசிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அண்ணனை முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டு அப்படியே அந்தக் கடைக்குப் போனேன். படி ஏற அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது. தனபால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார். எதிரே ஒரு மானிட்டரில் கார் பந்தய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலை ரோடு. தனபால் வளைவுக்கு வளைவு காரைத் தடுப்புச் சுவரில் கொண்டுபோய் மோதினார்.

அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க, வளைவுக்குள்ள போயிட்டுப் பிரேக்கைப் புடிச்சா அப்புடித்தான் இழுக்கும். முன்னாடியே அடங்கோணும்."

"நீங்க வேணா ஓட்டிப் பாருங்கண்ணா" என்று தனபால் நாற்காலியை விட்டு எழுந்தார். லாரிப் பேச்சையே எடுக்காத ஆளிடம் இப்படியா சொல்வது!

"நமக்குக் காலு ஆவாதுங்க" என்றான் அண்ணன்.

"காலு எதுக்குங்ணா? இந்த நாலு பட்டன்தான். இது முடுக்கறது, இது பிரேக்கு, இது ரெண்டும் ஸ்டேரிங்கு."

அண்ணன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "காலே வேண்டாமா?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு இன்னொன்று கேட்டான். "ஹாரன் எங்கிருக்குதுங்க?"

தனபாலுக்கு அதுவரை அந்த விளையாட்டில் ஹாரன் இருப்பதே தெரியாது. மூன்று பேரும் ஒவ்வொரு பட்டனாக அமுக்கித் தேடினோம். கிடைத்தது. அண்ணன் அதை ஒருமுறை அழுத்தினான். பீப் என்றது. விபத்துக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "அது ஒண்ணு நம்மூட்டுக்கு வாங்கோணும்னா முடியுமா கண்ணு?" என்றான். அவன் வாய் திறந்து எதையும் கேட்டு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. சோறுகூடக் கேட்டதில்லை. முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று பிறகுதான் யோசித்தேன்.

## லாரிக்காரன் போட்ட பட்டியல்

இருந்த பணம் கொஞ்சம். அதற்குள் அடங்க வேண்டும். தனபால் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பாகங்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் மட்டம், நடுத்தரம், உசத்தி என்று மூன்று உண்டு. அண்ணனுக்கு இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் என்ன? எல்லாவற்றையும் லாரியாக்கிவிட்டான்.

"இதுதான் இஞ்சினுங்ணா" என்றார் தனபால், ப்ராசஸரைக் காட்டி.

"அப்ப இஞ்சின் நடுத்தரமே போதும். மலையில வேகத்துக்கு என்ன வேலை? இது?"

"மதர்போர்டு. எல்லாமே இது மேலதான் உக்காரும்."

"சேஸிஸு. அதுல கஞ்சத்தனம் பண்ணப்படாது. நல்லதாப் போடுங்க."

ராம் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். ஒரே சமயத்தில் எவ்வளவு தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்பது அது என்றேன். "அப்பக் கொஞ்சம் சேத்தியே போடுங்க, பாரம் ஏத்துனா மூச்சு வாங்கப்படாது" என்றான். ஹார்டு டிஸ்க் சின்னது. "குடோனுக்கு நமக்கென்ன அவசரம்?" மானிட்டர் பழசு. ஏதோ மூடிப்போன அச்சு ஆபீஸில் இருந்தது. வெள்ளையெல்லாம் லேசாகப் பச்சையடிக்கும். கேபினெட்டுக்கு மட்டும் அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது. "பாடி எப்புடி இருந்தா என்னங்க!" தனபால் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். அவருடைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் கேபினெட்டில்தான் ஆரம்பிப்பார்களாம்.

கடைசியில்தான் வம்பு. இன்னும் ஒரே ஒரு பாகம் வாங்கத்தான் வழியிருந்தது. தனபால் ஒரே பிடியாக நின்றார்.

"கேம் ஆடறதுக்குன்னா டிஸ்ப்ளே கார்டுதானுங்ணா முக்கியம். இந்த போர்டுல படத்துக்குன்னு இருக்கற சில்லு நொம்பச் சின்னது. தூரத்துல இருக்கற ரோடு, மரம் எதையும் அதால வரைய முடியாதுங்க. அப்புறம் பனி மூடுன மாதிரிதான் தெரியும்."

"பனி மூடுன மாதிரியா?"

"ஆமாங்ணா. கொஞ்ச தூரம் ரோடு, அதுக்கப்பால எல்லாம் வெள்ளையா."

"சத்தம்?" என்றான் அண்ணன்.

"சத்தத்துக்கு இந்த போர்டுல ஒண்ணுமே கெடையாதுங்க. சவுண்டு கார்டும் ஸ்பீக்கரும் சேத்தித் தனியா வாங்கோணும். அது அடுத்த வருசம்கூட வாங்கிக்கலாமுங்க. சத்தமில்லாம எத்தனை பேரு ஆடறாங்க."

நானும் தனபால் பக்கம்தான். டிஸ்ப்ளே கார்டு வாங்கு அண்ணா, படம் பளிச்சென்று இருக்கும், ஊரே வந்து பார்க்கும் என்று என்னென்னவோ சொன்னேன். அண்ணன் முக்காலியில் இருந்து எழுந்து, ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டான்.

"பனிக்குள்ள ஓட்டறவனுக்குக் கண்ணு என்னத்துக்குங்க? காது வேணும். சவுண்டு கார்டையே குடுங்க."

தனபாலுக்கு எங்கள் கதை தெரியாது. எனக்குத் தெரியும். காது என்று அவன் சொன்னதும் நான் காலண்டர் தாளை மடிப்பதில் மும்முரமாகிவிட்டேன்.

பூட்டியே தருகிறேன் என்றார் தனபால். அண்ணன் ஒப்பவில்லை. இருபது வளைவில் குலுங்கிச் சொருகியதெல்லாம் கழன்றுவிடும், தனித்தனியாகவே கொண்டுபோய் மேலே பூட்டிக்கொள்கிறோம் என்றான். தனபால் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அதில் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு பிளக் வரும். பக்கத்துப் பக்கத்தில் சொருகவேண்டும். இரண்டிலும் கறுப்பு ஒயர்கள் உண்டு. "கறுப்பும் கறுப்பும் நடுவுல ஒட்டி நிக்கோணுமுங்க. மாத்திச் சொருகுனீங்கன்னா போர்டு போச்சு. புகைதான் வரும்."

இப்படித்தான் அந்த பஸ் பயணம்.

## கறுப்பும் கறுப்பும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் பூட்டினோம். அம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஒரு புதுத் துண்டை விரித்துக் கொடுத்தாள். மேஜையின் நாலு பக்கமும் மஞ்சள் பொட்டு வைக்கப் போனவளைத் தடுத்தேன். போர்டில் வைத்துவிடுவாளோ என்று பயம்.

மழைக்காலத்தில் எங்கள் மலையில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பீரோவில் இருக்கிற பட்டுப்புடவை பூசணம் பிடிக்கும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைப்போம். அண்ணன் முதல் நாளே எல்லாப் பாகங்களையும் அந்த பல்புக்குப் பக்கத்தில், அம்மாவின் கல்யாணப் புடவையோடு வைத்துவிட்டான். வெளியே எடுத்தபோது மதர்போர்டில் அந்துருண்டை வாசனை அடித்தது.

அண்ணன் திருப்புளி பிடித்தான். நான் சொல்லச் சொல்லப் பூட்டினான். பன்னிரண்டு வருடம் லாரியைத் தானே கழற்றிப் பூட்டியவன் கை. ஒரு திருகாணிகூடக் கீழே விழவில்லை. கடைசியில் அந்த இரண்டு பிளக்.

"கறுப்பும் கறுப்பும் ஒட்டி" என்றேன்.

"ஒட்டியிருக்குது."

"இன்னொரு வாட்டி பாருண்ணா."

"பாத்துட்டேன் கண்ணு."

"சுவிட்சை நான் போடவா?"

"நீ ரெண்டடி தள்ளி நில்லு" என்றுவிட்டு அவனே போட்டான். அம்மா 'சேர்வராயா' என்று மலைச்சாமியைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு விசிறி சுற்றியது. புகை வரவில்லை. பச்சையடித்த திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அம்மா, "வந்துருச்சு சாமி, வந்துருச்சு" என்று அண்ணனின் தலையைத் தடவினாள். என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

## வளைவுக்கு முன்னால்

தனபால் கொடுத்த சீடியில் அதே பந்தயம். மலை ரோட்டில் மேலிருந்து இறங்கவேண்டும். அவர் சொன்னபடியே ஆயிற்று. காருக்கு முன்னால் பத்திருபது அடிக்கு ரோடு, அதற்கப்பால் ஒரே வெள்ளை. மரம் திடீரென்று முளைத்து வந்தது. வளைவு திடீரென்று வந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் பனி. எந்தப் பக்கம் பார்த்தாலும் எங்கள் ஊர்தான்.

டிஸ்ப்ளே கார்டு வாங்கியிருக்கலாமே என்று என் வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

முதல் வளைவு. மற்ற கார்களெல்லாம் பாய்ந்து போய்விட்டன. அண்ணன் ஹாரன் அடித்தான். வேகத்தைக் குறைத்தான். சட்டென்று ஓரங்கட்டி நிறுத்தியே விட்டான்.

"என்னாச்சுண்ணா? பட்டன் வேலை செய்யலியா?"

"ஏத்துல ஒரு வண்டி வருது."

திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் எங்கள் காரின் இஞ்சின்தான் உறுமிக்கொண்டிருந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பேன். பனிக்குள்ளிருந்து ஒரு கார் வெளிப்பட்டு, எங்களை உரசாமல் ஏறிப் போனது.

அண்ணன் மறுபடி கிளப்பினான். அடுத்த வளைவு. ஹாரன். "வர்றான். கொஞ்சம் பெரிய வண்டி" என்று ஓரங்கட்டினான். வெள்ளையிலிருந்து ஒரு வேன் வந்தது. மூன்றாவது வளைவில் ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போனான். "ஆருமில்லை." யாருமில்லை. நாலாவதில், "வர்றான்." வந்தான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டேன். எங்கள் இஞ்சின் சத்தம்தான் கேட்டது. இவன் 'வர்றான்' என்று சொல்லி, கொஞ்சம் கழித்துத்தான் அதற்கு அடியில் மெல்லிசாக இன்னொரு சத்தம் எனக்குக் கேட்கும். சில வளைவில் வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் எனக்குக் கேட்கவில்லை. குளிரில் மேட்டுக்கு ஓடிய அந்தக் காலைகள்போலவே, இவன் தப்பாகச் சொல்கிறானா என்று காத்திருந்தேன். வித்தியாசம் ஒன்றுதான். இந்த முறை தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று காத்திருந்தேன்.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

பந்தயத்தில் கடைசி. மற்றவர்கள் முடித்து எவ்வளவோ நேரம் கழித்து, ஏறி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நின்று வழிவிட்டு, அண்ணன் அடிவாரம் போய்ச் சேர்ந்தான். தோற்றாய் என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தது. நான் படித்துச் சொன்னேன்.

"தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றான். "ஏர்ற வண்டிக்கு நின்னுதான் ஆவோணும். ஆனா ஒண்ணு, நாம இத்தனை ஹாரன் அடிக்கறோம், ஒருத்தனும் பதில் குடுக்க மாட்டேங்கறான் பாரு. எந்தூருக்காரனுங்களோ!"

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை. மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தான்.

இதைச் சாட்சி என்று எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜீப்காரனும் லாரி முதலாளியும் சிரிப்பார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கூடப் பிறந்தவன் சொன்னதை நம்ப எனக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டதே, அந்த வெட்கத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த வார்த்தையை நாங்கள் பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் அடுத்தவர்களிடம்தான் சொல்லியிருக்கிறோம்.

"அண்ணா" என்றேன்.

"ம்."

"அந்த ஜீப்புக்காரன் அன்னிக்கு ஹாரன் அடிக்கலை."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வளைவு வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தான், ஓரங்கட்டி நிறுத்தினான். பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் பொறுத்திருந்தான்.

"அதைத்தானே கண்ணு, நான் மொத நாள்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கறேன்" என்றான்.